பட்டப்பகலில் விளக்கெரிந்த வீடு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் கூடத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். "அட, இந்தக் காலத்திலே முற்றத்தை விட்டு வச்சிருக்கீங்களே!" என்பார்கள். விட்டு வைக்கவில்லை, மூடிய முற்றத்தைத் திரும்பத் திறந்தோம் என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் மூடினீர்கள், ஏன் திறந்தீர்கள் என்று. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதால், எல்லோருக்குமாக இங்கே எழுதி விடுகிறேன்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நாலு பக்கமும் காற்றும் வெயிலும் வந்து போகிற வீடு. 2010 இல் கல்யாணமாகி வந்து சேர்ந்தது கும்பகோணத்தில், வீட்டோடு வீடு ஒட்டிக் கொண்டிருக்கிற ஒரு தெரு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகள் உங்களுக்குத் தெரியும் அல்லவா? வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், ஓர் உள், சமையல்கட்டு, கொல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்க வழியே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கட்டினவர்கள் பார்த்து வைத்த கண்தான் நடுவிலே இருக்கிற முற்றம். வெளிச்சம், காற்று எல்லாம் அது வழியாகத்தான்.

அந்தக் கண்ணை என் மாமனார் 1994 இல் மூடி விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் முற்றத்து வழியாகத் திருடன் இறங்கி இரண்டு பித்தளை அண்டாவைத் தூக்கிக் கொண்டு போய் விட்டான். ஐப்பசி அடைமழையில் கூடம் முழுக்கச் சாரல் வேறு. தளம் போட்டு மூடினால் திருட்டுப் பயமும் இல்லை, வடாம் காயப்போட மொட்டை மாடியும் ஆச்சு என்று கணக்குப் போட்டார். தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அதன் பலன், பட்டப்பகலில் சுவிட்சைப் போட்டால்தான் எதிரே நிற்பது யாரென்று தெரியும். கூடத்தில் இரண்டு டியூப் லைட், சமையல்கட்டில் ஓர் 60 வாட் குண்டு பல்பு. காலையில் எழுந்தவுடன் போட்டால் ராத்திரிதான் அணையும். அரிசியில் கல் பொறுக்க அத்தை முறத்தைத் தூக்கிக் கொண்டு வாசல் திண்ணைக்குப் போவார். வந்த புதிதில் எனக்கு எப்போது பார்த்தாலும் சாயங்காலம் ஆறு மணி மாதிரியே இருக்கும். யாரிடம் போய்ச் சொல்வது? "வெளிச்சம் பத்தலே" என்று ஒரு மருமகள் குறைப்பட்டால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? பழகிக் கொண்டேன்.

2012 இல் என் பெண் பிறந்தாள். அந்த வருஷம் மின்சாரம் எப்படி இருந்தது என்று யாருக்கும் மறந்திருக்காது. சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. எனக்கு அம்மா இல்லை. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் நேரே புகுந்த வீட்டுக்கே வந்தேன். பச்சை உடம்பு, பச்சைக் குழந்தை, காற்றுப் படக் கூடாது, கண் படக் கூடாது என்று கூடத்தை ஒட்டின உள்ளில்தான் எங்களை வைத்தார்கள். காமிரா உள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வீட்டிலேயே இருட்டான அறை அதுதான். கரண்ட் இருந்தால் மஞ்சளாக ஒரு சின்ன பல்பு. இல்லாவிட்டால் சிம்னி விளக்கு.

குழந்தை நன்றாகத் தூங்கியது. ரொம்பவே நன்றாகத் தூங்கியது. பாலுக்குக்கூட நாமே எழுப்ப வேண்டும். "சமர்த்துக் குழந்தை, அம்மாவைப் படுத்தவே மாட்டேங்குது" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டுக் கொண்டேன். உடம்பு கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறாற்போல எனக்கு ஒரு தடவை தோன்றியது. அத்தையிடம் கேட்டேன். "மஞ்ச பூசித்தானேம்மா குளிப்பாட்டுறோம், அதான்" என்றார். அந்த மஞ்சள் விளக்கில் என் கையே மஞ்சளாகத்தான் தெரிந்தது. அதோடு விட்டு விட்டேன்.

ஆறாம் நாள் விடிகாலை மூன்று மணிக்குப் போன கரண்ட் ஏழு மணி வரைக்கும் வரவில்லை. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. அத்தை கொல்லையில் இருந்த நேரம் பார்த்து, வருவது வரட்டும் என்று குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக் கொண்டு திண்ணைக்கு வந்து உட்கார்ந்தேன். தெருவில் கீரைக்காரம்மா வந்தாள். கூடையை இறக்கி வைத்து, "எங்கே, பேத்தியைக் காட்டு" என்று எட்டிப் பார்த்தவள் முகம் மாறி விட்டது.

"என்ன தாயி, புள்ள மஞ்சக் கெழங்காட்டம் இருக்கு? கண்ணைப் பாரு, கண்ணு வெள்ளையே இல்லே. டாக்டருட்ட காட்டுனீங்களா இல்லியா?"

அப்போதுதான் என் குழந்தையை நான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முகம், மார்பு, வயிறு, துணியை விலக்கினால் உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா குழந்தையை ஜன்னல் பக்கமாக எடுத்துப் போய், நெற்றியிலும் மார்பிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்தின இடம் வெளுக்காமல் மஞ்சளாகவே நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிலிருபின் 20க்குப் பக்கத்தில் இருந்தது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் லேசாக மஞ்சள் காணுமாம், பெரும்பாலும் தானே வடிந்து விடுமாம். ஆனால் இந்த அளவுக்கு ஏறி, கவனிக்காமல் இன்னும் ஏற விட்டால் மூளையைத் தாக்கலாம், காது கேளாமல்கூடப் போகலாம் என்றார். பால் குடிக்காமல் தூங்கிக் கொண்டே இருந்தது சமர்த்து இல்லை, அதுவே ஓர் அறிகுறி. இரண்டு நாள் நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடியது, அது எங்கள் அதிர்ஷ்டம். இறங்கி விட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்மா, வீட்டுலே நல்ல வெளிச்சத்துலே குழந்தையைப் பாக்கவே இல்லியா?"

என்ன பதில் சொல்வேன்? எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே!

சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நீல விளக்கு வைத்தியமே சூரிய வெளிச்சத்திலிருந்து பிறந்ததுதான் என்று பின்னால் படித்தேன். 1956 இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு என்ற நர்ஸ் அம்மாள் குழந்தைகளை வெயிலுக்கு எடுத்துப் போவாராம். ஒரு குழந்தைக்கு உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றதாம். அதைப் பிடித்துக் கொண்டுதான் டாக்டர்கள் 1958 இல் விளக்கு வைத்தியத்தை எழுதி வெளியிட்டார்கள். அதற்காக, "அப்படியானால் இளவெயிலில் காட்டினால் போதுமே" என்று வீட்டோடு இருந்து விடாதீர்கள். எவ்வளவு மஞ்சள் என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், வைத்தியம் டாக்டர் கையில்தான். நாம் செய்ய வேண்டியது, முதல் இரண்டு வாரமும் தினம் ஒரு தடவை குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் துணி விலக்கிப் பார்ப்பது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவதையும் நான் அன்றோடு நிறுத்தி விட்டேன். பிறந்த ஒரு நாளைக்குள் மஞ்சள் கண்டாலும், கை கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்கச் சோம்பினாலும் உடனே கிளம்பி விடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனசு ஆறவில்லை. குழந்தைக்கு மூன்று மாசம் ஆனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், முற்றத்தைத் திறக்க வேண்டும் என்று. அவர் அப்பாவிடம் சொன்னார். மாமா பேப்பரை மடித்து வைத்து, "நான் போட்ட தளத்தை என் கண்ணு முன்னாலேயே இடிக்கணும்ங்கிறியா?" என்றார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அவரை அசைத்தது என் கண்ணீர் இல்லை, மின்சாரக் கணக்கு. ஒரு நாள் தாளில் எழுதிக் காட்டினேன். பழைய டியூப் லைட் 40 வாட், அதன் சோக் தின்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 55 வாட். இரண்டு டியூப், பகலில் மட்டும் பத்து மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1.1 யூனிட். சமையல்கட்டு 60 வாட் பல்பு ஆறு மணி நேரத்துக்கு 0.36 யூனிட். இரண்டு மாசத்துக்குக் கூட்டினால் 88 யூனிட் அளவுக்கு வருகிறது. சூரியன் தலைக்கு மேலே எரிந்து கொண்டிருக்கும்போது, அவனைக் கூரை போட்டு மறைத்து விட்டு நாம் செலவழிக்கிற 88 யூனிட்! யூனிட் ஏற ஏறக் கட்டணமும் படி ஏறுகிற வழக்கமாயிற்றே. கரண்ட் இல்லாத நேரத்துக்கு எரித்த மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெயும் தனி. மாமா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். மறுநாள் அவரே கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முதல் தடவை நாங்கள் செய்தது முட்டாள்தனம். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், யாருக்காவது பணம் மிஞ்சட்டும். 2013 பிப்ரவரியில் தளத்தில் எட்டடிக்கு ஆறடி வெட்டி, அதன் மேலே ஒளி ஊடுருவுகிற ஃபைபர் தகட்டைப் படுக்கையாகப் போட்டு மூடினோம். (கண்ட தளத்தை வெட்டி விடாதீர்கள். எங்கள் முற்றத்துத் தளம் பின்னால் தனி உத்தரம் வைத்துப் போட்டது என்பதால் வெட்ட முடிந்தது. அதையும் ஓர் இன்ஜினீயர் பார்த்துச் சொன்ன பிறகுதான் கை வைத்தார்கள்.) முதல் நாள் கூடத்தில் வெளிச்சம் விழுந்தபோது அத்தை ஒன்றும் பேசாமல் முறத்தைக் கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்து விட்டார். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் கூடத்தில் கல் பொறுக்கினார்.

ஏப்ரல் வந்தது. கும்பகோணத்துக்கு ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் உச்சி நேரத்தில் சரியாகத் தலைக்கு நேரே நிற்பான். படுக்கையாகப் போட்ட தகடு அவனை அப்படியே வாங்கி உள்ளே இறக்கியது. உள்ளே வந்த சூடு வெளியே போக வழியில்லை. கூடம் இட்லிக் கொப்பரை ஆகி விட்டது. இரண்டு ஃபேன் நாளெல்லாம் ஓடியது. விளக்கில் மிச்சம் பிடித்ததை ஃபேன் தின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. துண்டால் விசிறிக் கொண்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போது கொத்தனார்தான் ஒரு யோசனை சொன்னார். "நமக்கு வேண்டியது வெளிச்சம்மா, வெயில் இல்லே. வெயிலை மேலே தடுத்துட்டு வெளிச்சத்தைப் பக்கவாட்டுலே வாங்கணும்." எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லி விட்டார் பாருங்கள்! நல்ல வெயிலில் வெளியே இருக்கிற வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். நாம் உட்கார்ந்து படிக்க 300 லக்ஸ் போதும். ஆகவே வெயிலை நேராக இறக்க வேண்டிய அவசியமே இல்லை. வானத்தின் வெளிச்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே போதும்.

தகட்டைக் கழற்றினோம். வெட்டின இடத்தைச் சுற்றி மூன்றடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதன் மேல் ஓடு வேய்ந்த சின்னக் கூரை, சுற்றிலும் ஒன்றரை அடி தாழ்வாரம் நீட்டி வைத்தார். கோயில் விமானத்துக்கு அடியில் ஒரு குட்டி மண்டபம் மாதிரி இருக்கும். வடக்கும் தெற்கும் கண்ணாடிப் பட்டை வைத்த ஜன்னல், திறந்து மூடலாம். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து வருகிற கிழக்கு மேற்கில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கின சல்லடைச் சுவர். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் ஊரெங்கும் கட்டின வீடுகளில் இந்தச் செங்கல் சல்லடைதான் விசேஷம். வெளிச்சமும் வரும், காற்றும் வரும், காசும் குறைவு. உள்பக்கம் கம்பியும் கொசு வலையும் அடித்தாயிற்று, திருடனுக்கும் கொசுவுக்கும் சேர்த்து. சூடான காற்று மேலே ஏறுவது அதன் சுபாவம். அது அந்தச் சல்லடை வழியாகத் தானே வெளியேறி விடுகிறது. அந்த வேலைக்கு 28,000 ரூபாய் ஆயிற்று. சீட்டு எடுத்துக் கொடுத்தோம். முதல் தடவையே கொத்தனாரை யோசனை கேட்டிருந்தால் தகட்டுக்குப் போட்ட பணம் மிஞ்சியிருக்கும்.

கூடத்துச் சுவர் அதுவரை பச்சை வர்ணம், அழுக்குத் தெரியக் கூடாது என்று. அதை மாற்றிச் சுண்ணாம்பு அடித்தோம், நீலம் ஒரு சிட்டிகை கலந்து. உள்கூரைக்கும் வெள்ளை. மேலே இருந்து வருகிற வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுப் பட்டு ரேழி வரைக்கும் போகிறது. செலவுக்குத் தகுந்த பலன் என்று பார்த்தால் இந்தச் சுண்ணாம்புக்குத்தான் முதல் மார்க் கொடுப்பேன்.

சமையல்கட்டு ஓட்டுக் கூரை. அங்கே வேலை சுலபம். நாலு ஓட்டை எடுத்து விட்டு அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓடு நாலு சொருகினோம். அடுப்புக்கு நேர் மேலே வைக்காதீர்கள், தாளிக்கிற புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி மாசத்தில் மங்கி விடும். காய் நறுக்குகிற மேடைக்கு மேலே வைத்தால் அரிவாள்மணை பளிச்சென்று தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை துடைக்கத்தான் வேண்டும். நான் சோம்பல்பட்டு ஒரு வருஷம் விட்டதில் கண்ணாடி ஓடும் மண் ஓடும் ஒன்றாகி விட்டது.

கொல்லையில் விறகும் தட்டுமுட்டும் போடுகிற தகரக் கொட்டகைக்கு என் வீட்டுக்காரர் ஒரு வேடிக்கை செய்தார். பிரேசில் நாட்டில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002 இல் கண்டுபிடித்தது அது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மூடி ப்ளீச் விட்டு, கூரையில் ஓட்டை போட்டுப் பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி பொருத்தி, சுற்றி அடைத்து விடுவது. வெளியே படுகிற வெயில் தண்ணீருக்குள் வளைந்து உள்ளே நாலு பக்கமும் சிதறும். 40, 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். பிலிப்பைன்ஸ் நாட்டில் இல்லாக் டியாஸ் என்பவர் 2011 முதல் ஏழைகளின் குடிசைகளுக்கெல்லாம் இதைக் கொண்டு போனார். எங்கள் கொட்டகையில் முதல் மழைக்கு ஒழுகியது. இரண்டாம் தடவை அடைப்பு மருந்து சரியாகப் போட்ட பிறகு ஒழுகவில்லை. ராத்திரியில் எரியாது, அது ஒன்றுதான் குறை! ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், துளை போடும்போது பறக்கிற தூசி நெஞ்சுக்குக் கேடு.

வாடகை வீட்டிலும் ஃப்ளாட்டிலும் இருக்கிறவர்கள் "எங்களுக்கு ஏது முற்றம்?" என்று கேட்பீர்கள். முதலில் ஜன்னலை மறைத்துக் கொண்டு நிற்கிற பீரோவை நகர்த்துங்கள். எத்தனை வீட்டில் பார்க்கிறேன், இருக்கிற ஒரே ஜன்னலுக்கு முன்னால் பீரோ, அதன் மேலே இரண்டு பெட்டி! ஜன்னலின் மேல்பகுதி வழியாக வருகிற வெளிச்சம்தான் அறைக்குள் ஆழமாகப் போகும். ஜன்னல் உச்சி தரையிலிருந்து ஏழடி என்றால் ஏறக்குறைய பதினாலு அடி வரை பகலில் விளக்கில்லாமல் சமாளிக்கலாம். ஆகவே திரையைக் கீழ்ப் பாதிக்கு மட்டும் கட்டுங்கள். மறைவும் ஆச்சு, வெளிச்சமும் ஆச்சு. மேற்கு ஜன்னலுக்கு மட்டும் மதியத்துக்கு மேல் தட்டியோ வெட்டிவேர்ப் பாயோ தொங்க விடுங்கள். வடக்கு ஜன்னல் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். இன்னொன்று: கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து வெயில் காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்து விடும். அதற்கு மாடிக்கோ வாசலுக்கோ போகத்தான் வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் எல்இடி ஆகி விட்டது. டியூப் 20 வாட், பல்பு 9 வாட். அந்தப் பழைய 88 யூனிட் கணக்கை இன்றைக்குப் போட்டால் 27 யூனிட்தான் வரும். ஆக, மிச்சம் ரொம்பப் பெரிசு என்று நான் ஜம்பம் அடிக்க மாட்டேன். என் மகன், அவளுக்கு அப்புறம் பிறந்தவன், "இதுக்குப் போயா இவ்வளவு செலவு?" என்று கேட்கிறான். கேட்கட்டும். அவன் பிறந்தபோது பதினொரு நாளும் அவனைக் கூடத்து வெளிச்சத்தில்தான் போட்டிருந்தேன். தினம் காலையில் அத்தையே துணியை விலக்கி, மார்பில் விரலை அழுத்திப் பார்த்து, "மஞ்ச இல்லே" என்று சொல்லி விட்டுத்தான் காபி குடிப்பார்.

மாமா 2019 இல் காலமானார். கடைசி இரண்டு வருஷம் அவருக்குக் கண் பார்வை மங்கி விட்டது. காலை எட்டு மணிக்கு ஈஸிசேரை முற்றத்துக்கு அடியில் போடச் சொல்லி, வெளிச்சம் நகர நகர அவரும் நாற்காலியை நகர்த்திக் கொண்டே பேப்பர் படிப்பார். வீட்டுக்கு யாராவது வந்து அண்ணாந்து பார்த்து அதிசயித்தால், "ஆமா, நான்தான் திறக்கச் சொன்னேன். கரண்டு பில்லைக் கணக்குப் போட்டுப் பாத்தேன், எண்பத்தெட்டு யூனிட் வருது!" என்று சொல்வார். அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்ப்பார். நான் காபி ஆற்றிக் கொண்டிருப்பேன்.